டைம்கீப்பர் தவறவிட்ட விமானம்

இந்த ஜென்மத்தில் விமானத்தில் ஏறுவதில்லை என்று டைம்கீப்பர் தீர்மானம் எடுத்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. அது இத்தனை வருஷம் உடையாமல் நின்றதற்கு ஒரே காரணம், அவரை யாரும் விமானத்தில் ஏறச் சொல்லவில்லை என்பதுதான்.

தரையில் அவர் சிங்கம். பஸ் டெப்போ வாசலில் எட்டடிக்கு ஆறடியில் ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு சுவர்க்கடிகாரம், தடித்த பதிவேடு ஒன்று. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது அவர் வேலை. மூன்று நிமிஷம் தாமதமாக வந்த டிரைவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பாமல் போவார். பத்து நிமிஷம் தாமதமாக வந்தவர் தானாகவே இறங்கி வந்து, வீட்டில் யார் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல ஆரம்பிப்பார்.

"வியாதியை டாக்டர்கிட்ட சொல்லு. எனக்கு நேரத்தைச் சொல்லு" என்பார் டைம்கீப்பர்.

அந்தச் சிங்கம் ஸ்டூலில் ஏறாது. வீட்டில் பல்பு மாற்றுவது மனைவிதான். இவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். "கீழ இருந்து மேற்பார்வை பாக்க ஒரு ஆள் வேணும்ல" என்பார். மொட்டைமாடிக்குத் துணி காயப்போடப் போனால் கைப்பிடிச் சுவரிலிருந்து நாலடி தள்ளியே நிற்பார். வெயில் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். கூரையேறிக் கோழி பிடிக்காதவன் வானமேறி வைகுண்டம் போனானாம் என்று யாராவது பழமொழி சொன்னால், தன்னைத்தான் சொல்கிறார்களோ என்று ஒரு நிமிஷம் முகத்தைப் பார்ப்பார். மற்றபடி, தனக்கு உயரம் என்றால் பயம் என்கிற விஷயம் வீட்டில் ஓர் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாமல் காப்பாற்றி வந்துவிட்டதாக அவருக்கு ஒரு நம்பிக்கை.

மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். பத்தொன்பது வருஷ சர்வீஸ். வாசல் வரை வந்துவிட்டு "வண்டியைப் பூட்ட மறந்துட்டேன்" என்று திரும்பி ஓடப் பார்க்கிற ஆம்பளைகளைப் பேசிப் பேசியே நாற்காலியில் உட்கார வைப்பது அவள் வேலையில் பாதி. "பயப்படாதீங்கன்னு மட்டும் சொல்லக் கூடாது. அதுவரைக்கும் பயப்படாதவனும் பயந்துடுவான். கையில ஒரு வேலையைக் குடுத்துடணும்" என்று ஒரு தரம் மகளிடம் தொழில் ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தாள். டைம்கீப்பர் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தனக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். மாப்பிள்ளைக்கு வேலை வேறு ஊரில். அங்கேதான் குடித்தனம், அங்கேதான் இப்போது முதல் பிரசவமும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். மனைவி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போனை வைத்தாள்.

"ஏங்க, டாக்டர் தேதியை முன்னால கொண்டாந்துட்டாங்களாம். வெள்ளிக்கிழமை காலைல வந்து அட்மிட் ஆகச் சொல்லியிருக்காங்க. அன்னைக்கே பொறந்துடும்ங்கறாங்க."

"நல்ல விஷயம்தானே."

"வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள நாம அங்க இருக்கணும்."

"இருந்துட்டாப் போச்சு. வியாழக்கிழமை மத்தியானம் ஒண்ணரைக்கு ரயில் இருக்கு."

"அது எப்பப் போய்ச் சேரும்?"

டைம்கீப்பர் தொண்டையைக் கனைத்தார். "வெள்ளி மத்தியானம் ரெண்டரை."

"குழந்தை காலைலயே வந்துடுமே."

"வரட்டும். நாம போறதுக்குள்ள அது எங்க போயிடப் போகுது?"

"நாளைக்கே கிளம்பிட்டா?"

"நாளைக்கு டெப்போவுக்குப் பெரிய அதிகாரி வர்றார். லீவு கேட்டா சிரிப்பாங்க."

"அப்போ விமானத்துலதான் போகணும்" என்றாள் மனைவி, உப்பு வாங்கணும் என்று சொல்கிற மாதிரி.

டைம்கீப்பர் இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டார். மற்றபடி எதையும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "நீ போ" என்றார் தாராளமாக. "நீ பறந்து போய்ப் பக்கத்துல இரு. நான் பின்னாலயே ரயில்ல வந்துடறேன்."

"தனியால்லாம் போகமாட்டேன். போனா ரெண்டு பேரும்தான்."

இத்தனை வருஷம் கழித்தும் இவளுக்கு நம்மேல் எவ்வளவு பாசம் என்று அவருக்கு ஒரு பக்கம் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இந்த நேரம் பார்த்துக் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

மறுநாள் பெரிய அதிகாரி வந்து போனதும், டைம்கீப்பர் டெப்போ தாள் ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். தெரிந்த ஆயுதம் அதுதான். அந்த ஊருக்குச் சாலை வழியாக ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். ரயில் வழியாக ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. விமானத்தில் வெறும் ஆயிரத்து நாற்பது. முதலில் அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் தாளை மனைவி முன்னால் வைத்து அங்கிருந்தே ஆரம்பித்தார்.

"பாரு. ஊர் ரெண்டும் இருந்த இடத்துலதான் இருக்கு. தூரம் மட்டும் மூணு விதமா இருக்கு. இதுல எதை நம்பறது?"

"நீங்ககூடத்தான் டெப்போவுல ஒரு மாதிரி, வீட்டுல ஒரு மாதிரி. நான் நம்பிக் குடித்தனம் பண்ணலையா?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "விமானம் ஒரு மணி ஐம்பது நிமிஷம்தான்னு சொல்றாங்கல்ல, அது சுத்தப் பித்தலாட்டம். வீட்டுலருந்து ஏர்போர்ட் போகணும், ரெண்டு மணி பத்து. அங்க ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய்த் தேமேன்னு உக்காரணும். பெல்ட்டக் கழட்டு, செருப்பக் கழட்டுன்னு ஒரு இருபது. நடை ஒரு கால் மணி. விமானத்துக்கிட்டப் போக ஒரு பஸ், அது ஒரு கால் மணி. உள்ள ஏறி உக்காந்தப்புறம் கிளம்பாம அரை மணி. பறக்கறது ஒண்ணு ஐம்பது. இறங்க இருபது. பெட்டி வர நாப்பது. அங்கருந்து பொண்ணு வீட்டுக்கு ஒண்ணரை. கூட்டு. ஒம்பது மணி ஐம்பது நிமிஷம்."

"ரயிலு?"

"இருபத்தஞ்சு. ஆனா அதுல எட்டு மணி நேரம் தூக்கம். அதை வீட்டுலயும் தூங்கத்தான் போறோம், கழிச்சுடு. சாப்பாடு, டீ மூணு மணி நேரம். அதையும் கழி. ஜன்னல் வழியா வேடிக்கை பாக்கறது ஆறு. அது பொழுதுபோக்கு, பயணத்துல சேராது. மிச்சம் எட்டே எட்டு. ரயில் ஒரு மணி ஐம்பது நிமிஷம் முந்திடுது."

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை மேலிருந்து கீழ் வரை படித்தாள். விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தாள்.

"கணக்கு சரியாத்தாங்க இருக்கு."

டைம்கீப்பர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போ ரயில்தானே?"

"இல்லீங்க. நேத்தே விமானத்துக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

"எ... எத்தனை மணிக்கு?"

மனைவி அவரை ஒரு கணம் பார்த்தாள். பல் மருத்துவர் வீட்டு வாசலில் வண்டியைப் பூட்டப் போகிறேன் என்பவர்களைப் பார்க்கிற பார்வை. அவருக்கு அது தெரிய நியாயமில்லை.

"பத்தேகாலுக்கு" என்றாள்.

டிக்கெட் அவள் போனுக்குள் இருந்தது. அந்தப் போனைத் திறக்க டைம்கீப்பருக்குத் தெரியாது. திறந்து பார்க்கும் ஆசையும் இல்லை. அவருடைய மூளை ஏற்கனவே வேறு தடத்தில் ஓடத் தொடங்கிவிட்டது. விமானத்தில் ஏறாமல் இருக்க ஒரே வழி விமானம் போய்விடுவதுதான். பத்தேகால் விமானம் போய்விட்டால் ஒண்ணரை ரயில் இருக்கவே இருக்கிறது. விதி என்று சொல்லி ஏறிவிடலாம். மானமும் போகாது, விமானமும் வேண்டாம்.

"டாக்ஸியெல்லாம் எதுக்கு?" என்றார் சாவகாசமாக. "நம்ம டெப்போ நாப்பத்தேழாம் நம்பர் ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போகுது. ஏழு இருபது வண்டியைப் பிடிச்சா எட்டு நாப்பதுக்கு இறங்கிடலாம். அட்டவணைப்படி ஒரு மணி இருபது நிமிஷம்."

அதில் பொய் ஒன்றுமில்லை. அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த வண்டி இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் குறைந்து என்றைக்கும் போய்ச் சேர்ந்ததில்லை என்று பதிவேட்டில் எழுதியதும் அவர் கைதான். ஒன்பதரைக்குப் போய் இறங்கினால், ஒன்பதேகாலுக்கே கவுண்டரை மூடியிருப்பார்கள்.

"சரிங்க" என்றாள் மனைவி.

முப்பத்தொரு வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றுக்கு அவள் முதல் தடவையிலேயே சரி என்றது அதுதான் முதல் தடவை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் கோட்டை விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலை இரண்டு பெட்டியோடு நாற்பத்தேழில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் யார் என்று பார்த்தார். பார்த்ததும் முதுகு நிமிர்ந்தது. சட்டையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அந்த வண்டி ஓடியதை ஓட்டம் என்று சொல்வது பாவம். மொத்தம் ஐம்பத்திரண்டு நிறுத்தம். ஆள் இருக்கிற நிறுத்தத்தில் நின்றது. ஆள் இல்லாத நிறுத்தத்திலும் நின்று, கதவைத் திறந்து, காற்றை ஏற்றிக்கொண்டு, கதவை மூடிக் கிளம்பியது. மஞ்சள் விளக்கைக் கண்டதுமே நின்றது. பச்சை விளக்கையும் ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் தாண்டியது. பக்கத்தில் ஒரு சைக்கிள்காரர் இரண்டு தரம் முந்திப் போனார். நடுவில் நின்று டீ குடித்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் இரண்டாம் தரம் முந்த வாய்ப்பில்லை.

டைம்கீப்பருக்குப் பரம திருப்தி. எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடக்கிறது. கடிகாரத்தை ரகசியமாகப் பார்த்துக்கொண்டார். மனைவி மடியில் பையை வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்த்தாள். அவசரம் என்கிற சுவடே அவள் முகத்தில் இல்லை. பாவம், நம்மை நம்பி வந்திருக்கிறாள் என்று அவருக்கு லேசாக உறுத்தியது. உறுத்தலைத் துடைத்துவிட்டு மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

பதினெட்டாவது நிறுத்தத்தில் மனைவியின் போன் அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "உங்ககிட்டதான் பேசணுமாம்" என்று நீட்டினாள்.

"அப்பா, நீங்களும் விமானத்துலயா வர்றீங்க?"

"ஆமாம்மா."

"அம்மா சொன்னப்போ நான் நம்பவே இல்லப்பா."

"ஏன்? இதுல நம்பாம இருக்கறதுக்கு என்ன இருக்கு?"

மகள் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் சின்னதாகி வந்தது. "எனக்குப் பயமா இருக்குப்பா. இவர்கிட்ட சொல்லல, அவரு என்னைவிடப் பயந்துடுவாரு. சின்ன வயசுல பல் புடுங்கினப்போ நீங்க கதவுக்கு வெளில நின்னுக்கிட்டு, ஒரு நிமிஷம் ஆச்சு, ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்கல்ல. அந்த மாதிரி வெளில நின்னாப் போதும். நாளைக்குக் காலைல இருப்பீங்கல்ல?"

டைம்கீப்பர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இருப்பேன்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு இருபது. அந்தக் கணத்தில் அவருக்கு உலகத்திலேயே வேண்டாத வண்டி ஒன்று உண்டென்றால் அது மத்தியானம் ஒண்ணரை மணி ரயில்தான்.

எழுந்து டிரைவர் பக்கம் குனிந்தார். "கொஞ்சம் வேகமாப் போகலாம்ப்பா."

டிரைவர் கண்ணாடியில் பார்த்து விஷயம் புரிந்தவர் போலச் சிரித்தார். "நான் மாட்டமாட்டேன் சார்."

"மாட்டறதுக்கு ஒண்ணுமில்ல. ஆளில்லாத ஸ்டாப்புல நிக்காம போ."

"போன மாசம் அதுக்குத்தான் சார் எனக்கு மெமோ குடுத்தீங்க. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் நிக்கணும்னு பதினேழாம் விதியை நூறு தடவை எழுதச் சொன்னீங்க."

"மெமோ எழுதினதும் நான்தான். இப்போ சொல்றதும் நான்தான்."

"அதான் சார் சோதனை" என்றார் டிரைவர் மரியாதையாக, அடுத்த நிறுத்தத்தில் நின்று கதவைத் திறந்தபடி. "நீங்க எத்தனை தரம் கேட்டாலும் நான் விதிப்படிதான் ஓட்டுவேன்."

முப்பத்தொன்றாவது நிறுத்தத்துக்கு அப்புறம் ரயில்வே கேட். மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, நத்தைக்கு வழிகாட்டிக்கொண்டு போகிற மாதிரி போனது. டைம்கீப்பர் பெட்டிகளை எண்ணினார். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டாவது பெட்டி போனதும் கேட் திறக்கும் என்று எழுந்து நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றாள் மனைவி, அவர் உட்கார்ந்த பிறகு. "பஸ்ஸுன்னா அப்படித்தான்."

ஏர்போர்ட் வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது ஐம்பது. டிரைவர் இறங்கி வந்து பெட்டியை இறக்கிக் கொடுத்து, "ஏதாவது குறை இருந்ததா சார்?" என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்று டைம்கீப்பர் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாளில் அவர் பார்த்ததிலேயே விதி தவறாத ஓட்டம் அதுதான்.

மனைவி முன்னால் நடந்தாள். இவர் பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் போனார். உள்ளே கண்ணாடி வழியாக ஏதோ ஒரு விமானம் தெரிந்தது. அவர் நின்றுவிட்டார்.

"இந்தா, கொஞ்சம் நில்லு. கவுண்டர் ஒன்பதேகாலுக்கே மூடியிருப்பாங்க." பெட்டியின் கைப்பிடியை விட்டுவிட்டார். "போயிடுச்சு. என்னாலதான். பொண்ணுகிட்ட இருப்பேன்னு சொன்னேன்."

மனைவி ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்தாள். "ரொட்டி சாப்பிடுங்க. காலைல ஒண்ணும் சாப்பிடல நீங்க."

"ரொட்டியா? விமானம் போயிடுச்சுங்கறேன்."

"நம்ம விமானம் பன்னெண்டு அஞ்சுக்குங்க."

டைம்கீப்பர் அவளையே பார்த்தார். "பத்தேகால்னு சொன்னியே."

"பத்தேகாலுக்கும் ஒண்ணு இருக்கு. அது வேற ஊருக்குப் போகுது."

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

"நீங்க பஸ்ஸுலதான் கூட்டிட்டுப் போவீங்கன்னு தெரியும். அதுக்கும் ஒரு நேரம் ஒதுக்கணும்ல" என்றாள், ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து நீட்டியபடி.

அவருக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. நாளைக் காலை மகள் பக்கத்தில் இருக்கலாம். ஒரு முழு நிமிஷம் மனிதர் ஆனந்தமாக ரொட்டியைத் தின்றார். இரண்டாவது நிமிஷத்தில்தான் இதற்கு அர்த்தம் என்னவென்று உறைத்தது. மீதி ரொட்டியைப் பொட்டலத்திலேயே திருப்பி வைத்தார்.

அதற்கு மேல் தப்பிக்க அவரிடம் திட்டம் எதுவும் மிச்சமில்லை. பெல்ட்டைக் கழற்று என்றார்கள், கழற்றினார். கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினார். முகம் அப்படியே சரணடைந்தவர் முகமாக இருந்ததால் சோதனை செய்தவர் ஒரு தரத்தோடு விட்டுவிட்டார். விமானத்தின் படிக்கட்டில் பதினாறு படி. எண்ணிக்கொண்டே ஏறினார். கீழே பார்க்கவில்லை. உள்ளே நடைபாதை ஓரத்து இருக்கையைப் பிடித்து, மனைவியை ஜன்னல் பக்கம் அனுப்பினார். ஒரு பெண் முன்னால் நின்று, ஆபத்து வந்தால் எந்தக் கயிற்றை இழுப்பது, எந்த வழியாகக் குதிப்பது என்று சிரித்த முகமாக அபிநயம் பிடித்துக் காட்டினாள். டைம்கீப்பர் வந்த வழியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். எழுந்து, வீட்டில் கேஸை மூடினோமா என்று கேட்கலாம் என நினைத்தார்.

"ஏங்க, ஒரு சந்தேகம்" என்றாள் மனைவி.

"என்ன?"

"போறதுக்கு ஒரு மணி ஐம்பதுன்னு போட்டிருக்கான். திரும்பி வர்றதுக்கு ஒரு மணி முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கான். தூரம் ஒண்ணுதானே?"

"இருக்காது. நீ தப்பாப் பாத்திருப்பே."

அவள் போனைத் திறந்து காட்டினாள். அவள் பார்த்தது சரிதான். டைம்கீப்பரின் புருவம் ஏறியது.

"அதெப்படி? அதே ரெண்டு ஊரு. அதே ஆயிரத்து நாப்பது. வர்றப்போ என்ன இறக்கமா இருக்கு?"

"எனக்கும் அதாங்க புரியல. சக்கரம் தரையை விட்டதுலருந்து மறுபடி தரையைத் தொடற வரைக்கும் யாராவது நிமிஷக் கணக்கா குறிச்சு வெச்சாத் தெரிஞ்சுடும். எனக்கு அதெல்லாம் வராது." பையிலிருந்து ஒரு சின்ன நோட்டும் பேனாவும் எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

டைம்கீப்பர் நோட்டைத் திறந்து கோடு போட்டார். கதவு மூடியது, பன்னெண்டு அஞ்சு. பரவாயில்லை, நேரத்துக்கு மூடுகிறான். நகர்ந்தது, பன்னெண்டு பதினொண்ணு. ஏன் இந்த ஆறு நிமிஷம் என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஓடி, ஓடி, சத்தம் கூடி, முதுகு இருக்கையோடு ஒட்டி, காலடியில் தடதடப்பு சட்டென்று நின்றபோது வயிறு ஒரு தரம் காணாமல் போனது. ஆனால் அந்த நொடியைக் குறிக்காமல் விட்டால் மொத்தக் கணக்கும் போய்விடும். பன்னெண்டு இருபத்திமூணு. எழுதிவிட்டுத்தான் பயந்தார்.

சிரித்த முகத்துப் பெண் தண்ணீர் கொண்டுவந்தபோது, "ஏம்மா, திரும்பி வர்றப்போ மட்டும் எப்படிக் கால் மணி குறையுது?" என்று கேட்டார்.

"மேல ஒரே பக்கமா காத்து அடிக்கும் சார். போறப்போ எதிர்க்காத்து. வர்றப்போ பின்னாலருந்து தள்ளும்."

"எங்க டிரைவர்களும் காத்து மேல, மழை மேலதான் பழி போடுவாங்க" என்றார் டைம்கீப்பர். ஆனாலும் அதையும் எழுதிக்கொண்டார்.

நடுவில் விமானம் நாலைந்து தரம் குலுங்கியது. பேனா வழுக்கிக் கோடு கோணலாகிவிட்டது. நோட்டைப் பிடிக்க இடது கையைத் தூக்கினார், வரவில்லை. மனைவி அவர் தோளில் சாய்ந்து கண்ணை மூடிக் கிடந்தாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்தவள், அசதி என்று அவரும் கையை அசைக்காமல் விட்டுவிட்டு, நோட்டைத் தொடையில் வைத்துச் சமாளித்தார்.

சக்கரம் தரையைத் தொட்டது ஒன்று நாற்பதுக்கு.

"எழுந்திரு, எழுந்திரு. ஒரு மணி பதினேழு நிமிஷம். ஒண்ணு ஐம்பதுன்னு போட்டு முப்பத்துமூணு நிமிஷத்தைக் கையில வெச்சுக்கிட்டிருக்கான். எப்பப் போய்ச் சேர்ந்தாலும் நேரத்துக்கு வந்துட்டோம்னு சொல்லிக்கலாம்ல. நம்ம நாப்பத்தேழு டிரைவரு இவன்கிட்ட பிச்சை வாங்கணும்."

மனைவி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "வந்துட்டோமா?"

"வந்துட்டோம்" என்றார். சொன்ன பிறகுதான் தான் பறந்து வந்திருக்கிறோம் என்பதே அவருக்கு நினைவுக்கு வந்தது. வந்ததும் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

அழைத்துப் போக வந்திருந்த மாப்பிள்ளை, "பயணம் எப்படி மாமா?" என்று கேட்டது தப்பாகப் போயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரும் வரை டைம்கீப்பர் ஆதியோடந்தமாக விளக்கினார். மேகம் எப்படி இருக்கும், குலுங்கினால் எப்படி உட்கார வேண்டும், பயப்படுகிறவர்களுக்கு அவர் சொல்லும் யோசனை என்ன என்று ஒன்றையும் விடவில்லை. மாப்பிள்ளை மாதம் இரண்டு தரம் விமானத்தில் போகிறவர். ஆனாலும் மாமனார் ஆயிற்றே என்று கேட்டுக்கொண்டு வந்தார். மனைவி பின்னால் உட்கார்ந்து மகளுக்குப் போனில், "வந்துக்கிட்டே இருக்கோம், உங்கப்பா ரொம்ப நல்லா இருக்காரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை டைம்கீப்பர் பிரசவ அறைக்கு வெளியே நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. பதினொன்று நாற்பதுக்குப் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம் என்று நர்ஸ் வந்து சொன்னதும், மாப்பிள்ளை அழுதார். டைம்கீப்பர் அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது பேட்டரி கடிகாரம்.

மத்தியானம் மகள் தூங்கினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு டீயோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேத்தியின் முகத்தைப் பார்த்ததிலிருந்து டைம்கீப்பருக்கு மனசு இளகிப்போயிருந்தது. எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்த பஸ்ஸு ரெண்டு மணி பத்து நிமிஷம் ஆகும்னு தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போனேன். விமானத்தை விட்டுடணும்னு."

"தெரியும்."

"எனக்கு உயரம்னா பயம். சின்ன வயசுலருந்தே."

"அதுவும் தெரியும்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்பலருந்து?"

"கல்யாணமான வருஷம் பொருட்காட்சிக்குப் போனோமே. பெரிய ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு, கிட்டப் போனதும் செருப்பு அறுந்துடுச்சுன்னு திரும்பிட்டீங்க."

"அதுல எப்படிக் கண்டுபிடிச்சே?"

"அன்னைக்கு நீங்க ஷூ போட்டிருந்தீங்க."

டைம்கீப்பர் டீயைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம், முதல் வருஷத்திலேயே காலாவதியாகியிருக்கிறது. பேச்சை மாற்றினால் தேவலை என்று இருந்தது.

"நேத்துப் போட்ட சட்டையைப் பாத்தியா? இடது கை தையல் விட்டுப்போச்சு, பட்டனையும் காணோம். அந்த சீட்டுல எங்கயோ மாட்டியிருக்கு."

"சீட்டுல இல்லீங்க. என் கையில."

"உன் கையிலயா?"

"விமானம் தரையை விட்டதுலருந்து இறங்கற வரைக்கும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணையே திறக்கல."

டைம்கீப்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "தூங்கறேன்னுல்ல நினைச்சேன். உனக்குமா? ஸ்டூல்ல ஏறி பல்பெல்லாம் மாத்தறியே."

"ரெண்டு பேரும் ஏறலைன்னா வீடு இருட்டால்ல கெடக்கும்."

அவர் அவளையே பார்த்தார். தன்னை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் நோட்டைக் கொடுத்து, பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரத்து நாற்பது கிலோமீட்டர் வந்திருக்கிறாள். அவருக்குத் தாங்கவில்லை.

"பைத்தியக்காரி. இதை ஒரு வார்த்தை முன்னாலயே என்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் நிம்மதியா ரயில்லயே வந்திருக்கலாமே."

மனைவி மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள்.

"அதனாலதாங்க சொல்லல" என்றாள்.